குளிசை உறையில் பெயரையும் நாளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் எந்தப் பாமசிக்குப் போய் "நாரி பிடிச்சிட்டுது" என்றாலும் ஒரு சின்ன வெள்ளைக் கடதாசி உறை கைக்கு வரும். உள்ளே பத்துக் குளிசை. உறையின் மேல் பேனையால் "காலை 1, இரவு 1". குளிசையின் பெயர் இருக்காது. எத்தனை நாளைக்கு என்று இருக்காது. போட்டால் நித்திரை தூக்கும், வாகனம் ஓட்டக்கூடாது என்றும் இருக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும், பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தனியார் பாமசிகளிலும் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நாரி நோவுக்கு, அதாவது கீழ் முதுகு வலிக்கு, இன்று தாராளமாகக் கொடுக்கப்படும் தசையைத் தளர்த்தும் குளிசைகளைப் பற்றியும், அவை வரும் இந்த மொட்டை உறையைப் பற்றியும் சில விஷயங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எழுதத் தூண்டியது அண்மையில் எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்று. வெள்ளவத்தையில் ஒழுங்கை முனையில் ஓட்டோ நிறுத்தும் தம்பி ஒருவர். காலையில் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார், மிச்ச நேரம் காலி வீதியில் கிடைக்கிற ஹயர் ஓடுவார். நாள் முழுக்க வளைந்து இருந்து ஓடுகிறவருக்கு நாரி பிடிப்பது புதினமில்லை. டொக்டரிடம் போகாமல் ஒரு பாமசியில் சொல்லிக் கேட்டுக் குளிசை வாங்கியிருக்கிறார். முடிந்ததும் "அதே குளிசை" என்று திரும்பவும் வாங்கினார். உறையில் எழுதியிருந்தபடி காலையில் ஒன்று போட்டுக்கொண்டுதான் பிள்ளைகளை ஏற்றினார் என்பதைப் பிறகு அறிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் அவருக்குச் சிறுநீர் எரிவு வந்தது. பின்னேரக் கிளினிக் ஒன்றில் டொக்டர் சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் எழுதினார். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீரா என்று அவர் கேட்டிருக்கிறார். இவரும் மறைக்கவில்லை, நாரிக்குப் போடும் குளிசை என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து உறையையே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் இருந்தது "காலை 1, இரவு 1" மட்டும். சாதாரண வலிக் குளிசை என்று டொக்டர் எடுத்துக்கொண்டார். அவரிடம் குறை காண என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டு எழும்பியவர் கதவடியில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. மனைவி அங்கிருந்து எனக்கு அழைத்தார். "அன்ரி, என்ன குளிசையெண்டு டொக்டர்மார் கேக்கினம், எங்களுக்கு என்ன தெரியும்?" நான் அந்தப் பாமசிக்குப் போய் விசாரித்துத்தான் பெயர் வெளியே வந்தது: டிசானிடின். ஆள் தப்பிவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். பாமசியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு எங்கும் நடக்கக்கூடியது.

டிசானிடினும் சிப்ரோஃப்ளொக்சசினும் ஒன்றாகச் சேரவே கூடாது. டிசானிடினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. சிப்ரோஃப்ளொக்சசின் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். ஆரோக்கியமான ஆட்களில் செய்த ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் டிசானிடினின் அளவு சுமார் 10 மடங்கு ஏறியது. விழுங்குவது ஒரு குளிசை, உடம்புக்குக் கிடைப்பது பத்தின் வேலை. பிரஷர் விழும், நாடித்துடிப்புக் குறையும், ஆள் சுருண்டுவிடுவார். மனநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூவொக்சமின் இன்னும் மோசம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தில் இதெல்லாம் அச்சிட்டிருக்கிறது. ஆனால் பெட்டி பாமசி அலுமாரியில் இருக்கிறது. குளிசை அட்டையை வெட்டிப் பத்துக் குளிசை வாங்கிப் போகிறவர் அதைக் கண்ணாலும் காண்பதில்லை.

இந்தக் குளிசைகள் எதற்காக வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். டிசானிடின், பக்லோஃபென் இரண்டும் பக்கவாதம், முள்ளந்தண்டுக் காயம், மல்டிப்பிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் போன்றவற்றுக்குப் பிறகு கை கால் விறைத்து மடங்கிப் போகிறவர்களுக்குக் கொடுப்பவை. ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், அந்த நோயாளிகளுக்கு இவை எவ்வளவு பெரிய உதவி என்று. காலை நீட்ட முடியாமல் இருந்தவர் நாற்காலியில் ஒழுங்காக இருக்கிறார், தாதி உடுப்பு மாற்ற முடிகிறது. ஆகவே நான் மருந்தைப் பழிக்கவில்லை. சாதாரண நாரிப் பிடிப்பு வேறு விஷயம். இந்தக் குளிசைகள் நாரித் தசைக்குள் போய் எதையும் அவிழ்ப்பதில்லை. மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் வேலை செய்து முழு உடம்பையும் மந்தமாக்குகின்றன. டயசிபாம், அதாவது எங்கள் ஆட்கள் வேலியம் என்று கேட்டு வாங்குவது, அதுவும் அப்படித்தான். போட்ட இரவு நல்ல நித்திரை வரும். அந்த நித்திரையைத்தான் பலர் சுகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

உண்மையிலேயே நோ குறைகிறதா? இதை மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2021இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 31 ஆய்வுகளை, 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. புதிதாகப் பிடித்த நாரி நோவில், முதல் இரண்டு கிழமைக்குள், 100 புள்ளி அளவுகோலில் சுமார் 8 புள்ளி குறையலாம் என்று கண்டார்கள். நோயாளிக்கே பெரிதாகத் தெரியாத வித்தியாசம் அது. அதுவும் நம்பிச் சொல்லக்கூடிய ஆதாரம் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். எழும்பி நடமாடி வேலை செய்வதில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. தலைச்சுற்று, நித்திரைத் தூக்கம், குமட்டல் போன்றவை மட்டும் கூடின.

அமெரிக்காவில் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதி அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரே குழு இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தது. நாரி நோவோடு வந்தவர்களில் எல்லாருக்கும் நப்ரொக்சன் அல்லது இபுபுரோஃபென் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதோடு தசை தளர்த்தும் குளிசை, இன்னொரு பகுதியினருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாக்குளிசை. ஒருமுறை சைக்ளோபென்சப்ரின், பிறகு டயசிபாம், பிறகு மெத்தொகார்பமோல், பிறகு பக்லோஃபெனும் டிசானிடினும். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் இரு பக்கத்தாரும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். மருந்து கம்பனிப் பிரதிநிதிகள் பாமசிக்கு எத்தனையோ வழுவழுப்பான அட்டைகள் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். இந்த முடிவுகளை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை!

நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், புதிதாக வந்த நாரி நோவுக்கு முதலில் சூடு, உருவுதல் போன்றவற்றைச் சொல்லிவிட்டு, மருந்து வேண்டுமென்றால் வலிக் குளிசையோ தசை தளர்த்தியோ கொடுக்கலாம் என்கிறது. ஆகவே ஒரு டொக்டர் இரவில் புரளக்கூட முடியாதவருக்கு மூன்று நான்கு இரவுகளுக்கு எழுதினால் அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்காக இருக்கும் நாரி நோவுக்கு? உலக சுகாதார தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் நாட்பட்ட நாரி நோவுக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் இவற்றை அதிகம் விழுங்குகிறவர்கள் அந்த நாட்பட்ட நோக்காரர்கள்தான்.

"எனக்கு அது கேட்டதே அன்ரி" என்று பலர் சொல்வார்கள். கேட்டிருக்கும். சாதாரண நாரிப் பிடிப்பு பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே இறங்கும். அந்த நாட்களில் என்ன செய்திருந்தாலும் பெயர் அதற்கே போகும்: குளிசைக்கு, பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரி எண்ணெய்க்கு, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு. அந்தோனியாரைக் குறைவாகச் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமைகளில் நானும் போகிறவள்தான். அவர் நித்திரை தூக்கமும் தருவதில்லை.

இனி புறக்கோட்டை. என் வேலைக் காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் நான்காம், ஐந்தாம் குறுக்குத்தெருக்களில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள். பின்னேரம் லொறி வேலை முடிந்து, சட்டையில் வெங்காயத் தோல் ஒட்டியபடி வருவார்கள். "மிஸ், நாளைக்கும் தூக்கணும், போன முறை குடுத்த வெள்ளைக் குளிசை பத்து குடுங்க." டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டு கேட்டால் சிரிப்பார்கள். துண்டு வேண்டுமென்றால் தேசிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும், நின்றால் அன்றைய கூலி போய்விடும். சர்வதேசத் தொழில் தாபனம் 1967இல் செய்த பரிந்துரையில் வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை மேல் எல்லையாக வைத்தது. சீனி மூட்டை ஒன்றே 50 கிலோ. லொறிக்காரன் அவசரப்படுத்தினால் ஒரு மூட்டைக்கு மேல் இன்னொன்று ஏறும். இந்த நாரிக்குக் குளிசை என்ன செய்யும்? தலையை மந்தமாக்கி, கால் தடுமாற வைத்து, அதே சுமையோடு அதே படிக்கட்டில் அனுப்பும். இரவில் ஒரு கால் போத்தல் சாராயமும் உள்ளே போனால் இரண்டும் சேர்ந்து மூச்சையே தாழ்த்திவிடும். இதைச் சொன்னால் "அப்ப சாராயத்த நிப்பாட்டவா, குளிசைய நிப்பாட்டவா மிஸ்?" என்று கேட்ட ஒரு பெரியவரை மறக்க முடியாது. குளிசையை நிறுத்துங்கள் ஐயா, சாராயத்தைப் பிறகு பேசுவோம் என்றேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு தள்ளுவண்டியும், ஒரு கிழமை சம்பளத்தோடு இலேசான வேலையும். அது பாமசியில் விற்பதில்லை. மொத்த வியாபாரிகள் சங்கங்களில் இருப்பவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தைக்கென்று தனிக் கதை ஒன்று உண்டு. சென்னைக்குக் கல்யாண உடுப்பு எடுக்கப் போகிறவர்கள் திரும்பி வரும்போது நாரிக் குளிசையும் கொண்டுவருகிறார்கள். ஒரே குளிசைக்குள் அசெக்ளோஃபெனாக், பரசிட்டமோல் என்ற வலி மருந்துகளும் தியோகொல்ச்சிகோசைட் என்ற தசை தளர்த்தியும் இருக்கும். இங்கே கிளினிக்கில் தந்த டைக்ளோஃபெனாக்கோடு அதையும் போட்டால், அசெக்ளோஃபெனாக்கும் அதே வகை என்பதால், ஒரே வகை மருந்து இரட்டிப்பாகிறது. வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் அப்படித்தான் வரும். தியோகொல்ச்சிகோசைட்டை ஐரோப்பிய மருந்து முகவரகம் வாய்வழியாக 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்று மட்டுப்படுத்தியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடவே கூடாது. உடம்பில் அது மாறி உண்டாகும் ஒரு பொருள் உயிரணுக்கள் பிரியும்போது நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்பதே காரணம். மாமி கொண்டுவந்த குளிசையைப் பிள்ளை பெறக் காத்திருக்கும் மருமகள் போடும் வீடுகளில் இதை யார் சொல்வது?

வயதானவர்களுக்கும் இவை ஆகாது. இரவில் சிறுநீருக்கு எழும்பி, கால் பின்னி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் நாரி நோ சின்ன விஷயமாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பக்லோஃபென் குறைந்த அளவிலும் புத்தியைத் தடுமாற வைக்கும், ஏனென்றால் அது வெளியேறுவதே பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து சிறுநீரக நோயோடு கொழும்புக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதை வாசித்துவிட்டு, நெடுநாளாக எடுத்து வருகிறவர்கள் இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. பக்லோஃபெனைத் திடீரென்று விட்டால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். டிசானிடினை விட்டால் பிரஷர் குபீரென்று ஏறலாம். டயசிபாமும் அப்படித்தான். டொக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

குளிசை இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சுடுதண்ணீர்ப் பை வையுங்கள். படுத்தே கிடக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயாவது நடவுங்கள். பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப் புண் பிரச்சினை இல்லாதவர்கள் டொக்டரைக் கேட்டுச் சில நாள் வலிக் குளிசை எடுக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகு. திரும்பத் திரும்ப வந்தால் ஃபிசியோதெரபிக்குப் போய்ப் பயிற்சி பழகுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நாரி நோவோடு கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் போகாமல் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, இவற்றோடு வரும் நாரி நோவையும் பாமசியில் காட்டாதீர்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி வைத்து, மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று இந்த நாட்டில் நின்று போராடினார். வெளிநாட்டுக்காரரும் அதைப் பார்த்துப் படித்தார்கள். அந்த நாட்டின் தலைநகரில் இன்று மருந்து எந்தப் பெயரும் இல்லாமல் உறைக்குள் போகிறது. இந்தக் குளிசைகளைத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது தொழில் படித்த எந்த மருந்தாளருக்கும் தெரியும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கிறது. நான் புதுச் சட்டம் கேட்கவில்லை. துண்டுக்குக் கொடுக்கும்போதாவது உறையில் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை எழுதச் சொல்லி அதிகாரசபை பாமசிகளை நெருக்க வேண்டும். பரிசோதகர்கள் வரும்போது குளிரூட்டியின் வெப்பநிலைக் குறிப்பைப் பார்க்கிறார்கள். கவுண்டரில் கிடக்கும் உறை ஒன்றையும் திருப்பிப் பார்க்கலாமே.

வாசகர்களும் வாங்கும்போது கேட்கலாம்: "பெயரை எழுதித் தாங்கோ, எத்தனை நாளெண்டும் எழுதுங்கோ." எழுத மாட்டேன் என்று சொல்லும் பாமசியில் வாங்காதீர்கள். குளிசை அட்டையிலிருந்து வெட்டும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த டொக்டரிடம் காட்ட உதவும்.

என் பழைய தொழில் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, பின்னேரக் கூட்டத்தில் ஒவ்வொரு உறையிலும் இவ்வளவு எழுத நேரமில்லை என்றார்கள். சரி, நியாயம்தான். நித்திரை தூக்கும், வாகனம் ஓட்டக்கூடாது, மதுபானத்தோடு எடுக்கக்கூடாது என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்தால் ஒரு குத்தில் வேலை முடியும். பெயரும் நாளும் மட்டும் பேனையால். முத்திரை செய்கிற கடைகள் புறக்கோட்டையிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.